வெட்டுகல்லும் ஒரு கருத்தரங்கும்

1979 டிசம்பர் 11 முதல் 14 வரை திருவனந்தபுரத்தில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. பொருள், லேட்டரைட் உருவாகும் விதம். வேறொன்றுமில்லை, இங்கே நாம் வீடு கட்டும் வெட்டுகல்தான்!

அப்போது நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. ஆராய்ச்சி மாணவரான என் அத்தான் மதுரையிலிருந்து வந்து, தம்பானூரில் என் அறையில் தங்கினார். வெளிநாட்டு அறிஞர்கள் முன் வாய் திறக்கப் பயம். முதல் நாள் யாரிடமும் பேசாமலே திரும்பிவிட்டார். இரவு சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் விடியற்காலை எங்கள் மேஸ்திரியிடம் அழைத்துப் போனேன். புதிதாக வெட்டிய கல்லை உடனே வைத்துக் கட்டக் கூடாது, காற்றுப்பட்டு இறுக வேண்டும் என்றார் அவர். அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மழைநீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. உலர்ந்தால் அந்த இரும்பே இறுக்குகிறது என்று எனக்குப் பாடமே நடத்தினார். மலப்புரம் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் 1807இல் பெயரிட்ட கதையையும் சொன்னார்.

அன்று தேநீர் இடைவேளையில், மேஸ்திரி கொடுத்த கல் துண்டைக் காட்டி ஒரு வெளிநாட்டவரிடம் அவரே வலியப் போய்ப் பேசினாராம். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்தக் கருத்தரங்கை ஒட்டி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நிறுவிய நினைவுச் சின்னம் அங்காடிப்புரத்தில் இருக்கிறது. ஷொரணூர்–நிலம்பூர் ரயிலில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.