ரீசெட் அழுத்தியும் போகாத அலாரம்... ரோபோவுக்கு மறதி வந்தது எப்படி?

பொங்கல் லீவு முடிந்த முதல் நாள். விடியற்காலையிலேயே தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை வழியாக ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் பக்கமும் அதே காட்சிதான். பஸ்ஸில் மற்றவர்கள் குட்டித் தூக்கம் போட்டாலும், மெயின்டனன்ஸ் பிரிவுக்காரர்களுக்கு மட்டும் வயிற்றில் புளி கரைக்கும். நான்கைந்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த ரோபோக்களை எழுப்பும் நாள் அது!

உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் ஓடும் ரோபோக்களில் பிரபலமானது ஜப்பானின் ஃபனுக். மஞ்சள் நிறக் கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். லீவுக்குப் பிறகு அதை ஆன் செய்தால், சில சமயம் 'டீச் பென்டன்ட்' எனும் கையடக்கத் திரையில் 'எஸ்.ஆர்.வி.ஓ-062' என்ற அலாரம் வந்து நிற்கும். ரீசெட் அழுத்தினால் போகாது. ஆஃப் செய்து ஆன் செய்தாலும் போகாது. கன்ட்ரோலரில் ஏதோ போர்டு போய்விட்டது என்றுதான் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன் நினைப்பான்.

போனது பேட்டரி. அதுவும் டார்ச் லைட்டில் போடுகிற, 1.5 வோல்ட் பெரிய சைஸ் பேட்டரி! பல மாடல்களில் ரோபோவின் அடிப்பகுதியில் உள்ள சின்னப் பெட்டியில் இப்படி 4 பேட்டரிகள் இருக்கும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் ஞாபகசக்தி அதை நம்பித்தான்.

ரோபோவின் ஒவ்வொரு மூட்டையும் ஒரு மோட்டார் அசைக்கிறது. அது எத்தனை சுற்று சுற்றியது என்று பின்னால் இருக்கும் 'பல்ஸ்கோடர்' கணக்கு வைத்துக்கொள்ளும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது பேட்டரி. அது தீர்ந்தால், தன் கை எங்கே நிற்கிறது என்பதே ரோபோவுக்கு மறந்துபோகும்.

அதனால் புது பேட்டரி போட்டாலும் அலாரம் போகாது. தொலைந்த கணக்கு தானாகத் திரும்பாதே! சிஸ்டம் மெனுவில் 'மாஸ்டர்/கேல்' பக்கத்துக்குப் போய், பல்ஸ்கோடர் அலாரத்தை ரீசெட் செய்து, கன்ட்ரோலரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். அப்போது '075' என்று இன்னொரு அலாரம் வரும். பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். அந்த மூட்டைக் கொஞ்சம் அசைத்து, மோட்டாரை ஒரு சுற்றாவது சுற்றவைத்து ரீசெட் அழுத்தினால் போய்விடும். இத்தனை செய்தும் 062-வே திரும்பத் திரும்ப வந்தால், பேட்டரி வயர் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திரை சுத்தமானதும் லைனை ஓட்டிவிடத் தோன்றும். ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு மூட்டையும் அதன் பூஜ்யக் குறிக்கு நேராக நிறுத்தி, 'இதுதான் உன் ஆரம்பம்' என்று சொல்லிக்கொடுக்கும் 'மாஸ்டரிங்' பாக்கி இருக்கிறது. அதில் அரைகுறை செய்தால் அலாரமே வராது. ஆனால் வெல்டிங் வேறு இடத்தில் விழும், கை எதிலாவது போய் இடிக்கும். முதலில் மெதுவான வேகத்தில் ஒவ்வொரு புள்ளியாக ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதுவரை வேலிக்குள் யாரும் இருக்கக் கூடாது. 1981-ல் ஜப்பானின் ஆகாஷி நகரில், பழுது பார்க்க ரோபோவின் எல்லைக்குள் போன 37 வயதுத் தொழிலாளி ஒருவர், அது முழுதாக நிறுத்தப்படாததால் இயந்திரக் கை தள்ளி உயிரிழந்தார்.

இத்தனை பாடும் தவிர்க்கக்கூடியதே. பேட்டரி முழுதாகத் தீர்வதற்கு முன்பே 'எஸ்.ஆர்.வி.ஓ-065' என்ற எச்சரிக்கை வரும். ரோபோ ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அதை விட்டுவிடுவதுதான் வழக்கம். அலாரம் ஹிஸ்டரியைத் திறந்தால் அது வந்த தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றினால் போதும். ஆனால், எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டு மாற்றினால், மறுபடி அதே மறதி! தேதி ஞாபகம் இருக்காது என்பவர்களுக்கு ஆயுத பூஜை இருக்கிறது. ரோபோவுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதற்கு முன் பேட்டரியை மாற்றி, தேதியை எழுதி பெட்டி மேல் ஒட்டிவிடலாம்.