காலிப் பெட்டியை இழுத்து வேகம் பார்க்கலாமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி ஊரும் ட்ரெய்லர்களில் எது 'எம்டி', எது 'லோடு' என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. 20 அடிப் பெட்டி காலியாக இரண்டேகால் டன் அளவில் இருக்கும். சரக்கேறினால் 20 டன்னையும் தாண்டும். சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாமல் சரக்குப் பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேச விதி 2016 ஜூலையில் வந்தது இதனால்தான். காலிப் பெட்டியை இழுத்துக்காட்டி வண்டியின் திறனைச் சொன்னால் ராயபுரத்தில் எவரும் ஏற்கமாட்டார்கள். கணினி வட்டின் வேகத்தை அளக்கும்போது மட்டும் பலரும் அதையே செய்கிறோம்.

சுங்க ஆவணங்களும் சரக்குக் கணக்கும் உள்ள மடிக்கணினி தொலைந்தால் அடுத்தவர் படித்துவிடக் கூடாது. அதற்காகவே வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்கிறோம். பெரும்பாலும் பயன்படுவது ஏஇஎஸ் முறை. பெல்ஜியத்தின் ஜோன் டாமன், வின்சென்ட் ரைமன் வகுத்த இது, 2001-இல் அமெரிக்க அரசின் தரமானது. தரவைப் பதினாறு பதினாறு பைட்டாக எடுத்து, சாவியைக் கொண்டு உருத்தெரியாமல் மாற்றிவிடும்.

இதனால் வட்டு மெதுவாகுமா என்று பார்க்க, வெறும் பூஜ்ஜியங்களை எழுதி நேரம் பார்ப்பவர்கள் உண்டு. சாண்ட்ஃபோர்ஸ் போன்ற சில எஸ்எஸ்டி கட்டுப்பாட்டுச் சில்லுகள் வரும் தரவைச் சுருக்கித்தான் எழுதும். பூஜ்ஜியங்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடுவதால் வேகம் எகிறும். அதே பூஜ்ஜியங்கள் மறையாக்கத்தைக் கடந்து வந்தால் ஒழுங்கற்ற எண்குவியலாகிவிடும். அதைச் சுருக்க முடியாது, முழுச் சுமையையும் எழுதியாக வேண்டும். முதலில் அளந்தது எம்டி, அடுத்து அளந்தது லோடு. பழியோ மறையாக்கத்தின் மேல்.

நேர்மாறாகவும் நடக்கும். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்பு தானே சுருக்கும்படி அமைந்திருந்தால், பூஜ்ஜியங்கள் மறையாக்கத்தை எட்டவே எட்டா. மறையாக்கத்தால் வேகம் குறையவே இல்லை என்று தோன்றும்.

எனவே, சுருக்க முடியாத சீரற்ற தரவைக் கொண்டு அளந்து பாருங்கள். அதை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். இல்லையேல் சீரற்ற எண்களை உருவாக்கும் வேகத்தைத்தான் அளப்பீர்கள். நினைவகத்தில் தேங்காமல் நேரே வட்டுக்குப் போகும்படி அமையுங்கள். படிக்கும் வேகத்தைப் பார்க்கும் முன் வட்டை எழுதி நிரப்புங்கள். எழுதாத இடத்தைக் கேட்டால் பல எஸ்எஸ்டிகள் உள்ளே தேடாமலே பூஜ்ஜியத்தைத் தந்துவிடும். 'எஃப்ஐஓ' என்ற இலவசக் கருவி இச்சோதனைகளுக்கு உதவும்.

ஏஇஎஸ் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் 2010 முதல் இன்டெல் செயலிகளில் வருகின்றன. அதனால் மறையாக்கத்தின் சுமை பெரிதாக இருக்காது. தவறான ஓர் அளவை நம்பி மறையாக்கத்தைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் வட்டு அன்றாடம் சுமக்கும் சரக்கையே ஏற்றி அளந்து பாருங்கள்.