பீரோ கதவில் ஒட்டிய கடவுச்சொல்

சென்ற கல்வியாண்டின் இறுதியில் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். தம்பியின் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்தித் தரக் கேட்டு வந்தவர், தலைமையாசிரியருக்காக அலுவலக அறையில் காத்திருந்தார். தேநீர் வந்தது. அறையின் பீரோ திறந்து கிடந்தது. அதன் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“டீச்சர், இது பாஸ்வேர்டா?”

ஆமாம். எமிஸ், உதவித்தொகை, தேர்வுப் பணி, பள்ளியின் மின்னஞ்சல் என எல்லாவற்றின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தத் தாளில் இருந்தன. யார் எப்போது பதிவேற்ற வேண்டி வந்தாலும் தேட வேண்டியதில்லை என்று நாங்களே ஒட்டியது. “வேறென்னப்பா செய்யறது? ஒருத்தர் லீவு போட்டா வேலை நின்னுடுதே” என்றேன்.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் பேசிக்கொண்டிருந்தார். பாடம் நடத்துவது போல அல்ல. தேநீர் குடித்தபடி, தனக்குத் தோன்றியதையெல்லாம். நான் கணினி ஆசிரியர் அல்ல, கணக்கு நடத்துபவள். அதனால் அவர் சொன்னவற்றைப் பிறகு படித்தும், கணக்குப் போட்டும் சரிபார்த்தேன். பெரும்பாலானவை சரியாக இருந்தன. ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கஷ்டமான கடவுச்சொல் நல்ல கடவுச்சொல்லா?

அவர் சொன்ன முதல் கருத்து எனக்கு வியப்பாக இருந்தது. “பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்கணும், மூணு மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு சொன்னாங்க பாருங்க டீச்சர், அந்த ரூல்தான் இந்தத் தாளை ஒட்ட வெச்சுது.”

கணினியில் கடவுச்சொல் என்பது 1960களின் தொடக்கத்தில் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு உருவாக்கியது. ஒவ்வொருவரின் கோப்பும் தனித்தனியே இருப்பதற்காகக் கடவுச்சொல் வைத்தார்கள். 1962இல் அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஆலன் ஷெர், தனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்செடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த சில காலத்திலேயே அதன் பட்டியலும் வெளியே வந்துவிட்டது. நம் பீரோ தாளுக்கு அறுபது ஆண்டுப் பாரம்பரியம் உண்டு!

பெரிய எழுத்து, எண், குறியீடு என்ற விதி பரவியதற்கு முக்கியக் காரணம், அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அந்தப் பகுதியை எழுதியவர் பில் பர். 2017இல் அதே நிறுவனம் அந்த விதிகளைக் கைவிட்டது. குறியீட்டைக் கட்டாயமாக்க வேண்டாம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், நீளத்துக்கு முக்கியத்துவம் கொடுங்கள் என்றது. முன்பு எழுதியவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துகிறேன் என்று பில் பர் அதே ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு குறியீடு போட்டு, பிறந்த ஆண்டைச் சேர்ப்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

வகுப்பறையில் ஒரு கணக்கு

இதை அடுக்குகள் பாடம் நடத்தும்போது மாணவர்களிடம் கணக்காகவே கொடுத்தேன்.

பெயர், குறியீடு, ஆண்டு என்ற வடிவத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான பெயர்கள் 1,000, குறியீடுகள் 5, பிறந்த ஆண்டுகள் 60. பெருக்கினால் 3 லட்சம். பார்க்கச் சிக்கலாகத் தெரியும் கடவுச்சொல் உண்மையில் 3 லட்சத்தில் ஒன்றுதான்.

அடுத்து, மாணவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதினார்கள். திரும்ப வந்தவற்றை நீக்கி, 500 வெவ்வேறு சொற்களை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். கண்ணை மூடி ஒரு சீட்டு எடுக்க வேண்டும்; சொல்லைக் குறித்துக்கொண்டு சீட்டைத் திரும்ப டப்பாவில் போட வேண்டும். ஒருமுறை வந்தவை: முருங்கை, மிதிவண்டி, மாமியார், சுண்ணாம்பு. வகுப்பே சிரித்தது. ஆனால் அந்த நான்கு சொற்களை இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை. நான்கு சொல் என்றால் 500இன் அடுக்கு 4, அதாவது 6,250 கோடி வாய்ப்புகள்.

திருடப்பட்ட கடவுச்சொல் கோப்பைக் கையில் வைத்திருப்பவர், நொடிக்கு 100 கோடி முயற்சிகள் செய்வதாக வைத்துக்கொண்டு மாணவர்களைக் கணக்கிடச் சொன்னேன். பெயரும் ஆண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். நான்கு சொல்லுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஐந்து சொல்லுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல். ஆறு சொல்லுக்கு 180 நாள், அதாவது ஆறு மாதம். “ஒரே ஒரு சொல்தானே டீச்சர் கூட்டினோம்!” என்றாள் ஒரு மாணவி. ஒவ்வொரு சொல்லும் 500 மடங்கு என்பதை நான் கரும்பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது அவர்களுக்கு உறைத்தது.

இதில் ஒரு நிபந்தனை முக்கியம். சொற்களைக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். நாமே யோசித்துத் தேர்ந்தெடுத்தால் பிள்ளையின் பெயர், ஊர், குலதெய்வம் என்று பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்தால் போதும்.

ஒரு சாவி, எல்லாக் கதவும்

நீளத்தைவிடவும் அவர் அழுத்திச் சொன்னது வேறொன்று: ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைக்கக் கூடாது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அவற்றை மறைக்குறியாக்கம்கூட செய்யாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள். அதில் மிக அதிகமானோர் வைத்திருந்தது 123456. இப்படி வெளிவந்த பட்டியல்களை வைத்திருப்பவர்கள், அதே மின்னஞ்சலையும் அதே கடவுச்சொல்லையும் மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலிக்கு நாம் வைத்த கடவுச்சொல்லே பள்ளி மின்னஞ்சலுக்கும் இருந்தால், அந்தச் செயலியில் நடக்கும் திருட்டு நம் பள்ளிக்கும் வந்து சேரும்.

“அப்ப இத்தனையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கறது? எழுதி வெச்சா தப்புங்கறே” என்றேன். “எழுதறது தப்பில்ல டீச்சர். எழுதின தாள் எங்க இருக்குங்கறதுதான் விஷயம். பத்து ரூபாய் நோட்டை பீரோ கதவுல ஒட்டுவீங்களா?” என்றார்.

இன்னொன்றும் சொன்னார். கடவுச்சொல்லோடு, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வசதி எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் அதை இயக்கி வைக்க வேண்டும். கடவுச்சொல் திருடு போனாலும் இரண்டாவது பூட்டு நிற்கும். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதும் இதில் அடங்கும்.

“பிறகு நினைவூட்டு”

அலுவலகக் கணினி அப்டேட் கேட்கும்போதெல்லாம் நாங்கள் “பிறகு” என்பதையே அழுத்துவோம். மாத இறுதியில் சம்பளப் பட்டியல் வேலை நடக்கும்போது அது வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகப் பலர் “பிறகு” என்று அழுத்தியிருந்தார்கள். இதைப் படித்த பிறகு, வெள்ளிக்கிழமை மாலை கணினியை அணைக்கும் முன் அப்டேட் செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

பணம் கொடுத்து வாங்கும் ஆன்ட்டிவைரஸ் தேவையில்லை, லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவர் கருத்து. பாதி சரி என்று சொல்வேன். இப்போதைய விண்டோஸிலேயே டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருள் இருக்கிறது. அதை அணைக்காமல் இருந்தாலே பெரும்பாலான பள்ளி வேலைக்குப் போதும். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பென் டிரைவில் வரும் பல வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை என்பதால் லினக்ஸில் ஓடா. ஆனால் போனில் அழைத்து ஏமாற்றுபவரை எந்த இயங்குதளமும் தடுக்காது.

நான் ஏற்காத கருத்து

கிளம்பும்போது அவர் சொன்னார்: “ரொம்பக் கவலைப்படாதீங்க டீச்சர். நம்ம டேட்டா எல்லாம் ஏற்கனவே எங்கெங்கேயோ போயாச்சு. பெரிய பெரிய கம்பெனியே தொலைச்சுட்டு நிக்குது.”

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னால் தலையாட்ட முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் அழுதுகொண்டு வந்திருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஒருவர் போனில் அழைத்து, மகளின் பெயரையும் வகுப்பையும் பிரிவையும் சரியாகச் சொல்லி, உதவித்தொகை வந்திருப்பதாகக் கூறியிருக்கிறார். கியூஆர் கோடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். கணக்கிலிருந்து 4,800 ரூபாய் போய்விட்டது. “பாப்பா பேரு, கிளாஸு எல்லாம் கரெக்டா சொன்னாங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல இருந்துதான் பேசறாங்கன்னு நினைச்சேன்” என்றார்.

அந்த விவரம் எங்கிருந்து போனது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் சில வாரங்களுக்கு முன் வங்கிக் கணக்கு விவரம் தராதவர்களின் பட்டியலைப் பெயர், பிரிவு, பெற்றோர் கைப்பேசி எண்ணோடு படம் எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்தான். குழுவில் 60 பேருக்கு மேல். அதிலிருந்து அந்தப் படம் எங்கெல்லாம் போனதோ, தெரியாது.

எல்லாம் போய்விட்டது என்பது உண்மையல்ல. அந்தத் தாயின் எண்ணும், அந்தச் சிறுமியின் வகுப்பும் ஒரே தாளில் சேர்ந்திருந்தது நம் கையில் மட்டும்தான். எத்தனை நிறுவனங்கள் தொலைத்திருந்தாலும், நாம் தொலைப்பது புதிதாகத் தொலைவதுதான். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று பொதுவிதியும் வைத்திருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், நம்மை நம்பி ஆதார் நகலையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தவர்களுக்காகவாவது நாம் கவனமாக இருக்க வேண்டும்.

நாங்கள் செய்தவை

தலைமையாசிரியரின் ஒப்புதலோடு ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். பெரிய செலவு எதுவும் இல்லை.

1. பீரோ தாளைக் கிழித்தோம். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றி, ஒரு குறிப்பேட்டில் எழுதி, பூட்டிய இழுப்பறையில் வைத்தோம். சாவி தலைமையாசிரியரிடமும் மூத்த ஆசிரியர் ஒருவரிடமும் இருக்கிறது.

2. ஒருவர் மாறுதலாகிச் சென்றால், விடுவிக்கும் நாளிலேயே அவருக்குத் தெரிந்த கடவுச்சொற்களை மாற்றுகிறோம்.

3. மாணவர் விவரப் பட்டியல்களை எந்தக் குழுவிலும் போடுவதில்லை. தேவைப்படும் பெற்றோரிடம் மட்டும் தனியே பேசுகிறோம்.

4. அச்சகத்துக்கும் இணைய மையத்துக்கும் கொண்டுபோகத் தனி பென் டிரைவ். அதில் மாணவர் விவரம் எதுவும் இருக்காது.

5. மாதம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கிறோம்.

6. பெற்றோர் கூட்டத்தில் இரண்டே செய்திகளைச் சொல்கிறோம். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் அது நம்மிடமிருந்து பணம் எடுக்கத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

அந்தத் தாய் எங்களிடம் வந்தது மூன்று நாள் கழித்து. 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தோம். பணம் இன்னும் வரவில்லை. பட்டியலைக் குழுவில் போட்டது நான் என்பதை அவரிடம் சொன்னேன். “நீங்க நல்லதுக்குத்தானே போட்டீங்க டீச்சர்” என்றார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பின் நம்பர் பற்றி மற்ற தாய்மார்களுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். நான் சொன்னபோது கேட்டதைவிட, அவர் சொன்னபோது எல்லோரும் கூர்ந்து கேட்டார்கள்.