பணம் சேருமுன் சவுண்ட் பாக்ஸ் ஏன் பேசக்கூடாது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறோம். ‘ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சவுண்ட் பாக்ஸ் சொன்னதும் மீன் நம் பைக்கு வந்துவிடுகிறது. நிரலாளர் மொழியில் அந்த அறிவிப்பு ஒரு பக்கவிளைவு. கணக்கில் எழுதிய எண்ணை அழித்துவிடலாம். காதில் விழுந்ததை எப்படி அழிப்பது?

பரிவர்த்தனை முழுதாக நடக்க வேண்டும், இல்லையேல் நடக்கவே இல்லை என்றாக வேண்டும். ஒரே கணக்கை இரண்டு வேலைகள் ஒரே நொடியில் தொட்டால், ஒன்றை ரத்துசெய்து முதலிலிருந்து ஓட்டுவது ஒரு முறை. அறிவிப்பும் அதற்குள்ளேயே இருந்தால் ஒரே பணத்துக்குப் பெட்டி இரண்டு தடவை பேசும். அதைவிட மோசம், வராத பணத்தை வந்ததாகச் சொல்வது.

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி நால்வரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவகத்தை மட்டும் மாற்றும் பரிவர்த்தனைகளுக்கு ‘எஸ்டிஎம்’ எனத் தனி வகை தந்தார்கள். திரையில் எழுதுவது, செய்தி அனுப்புவது எல்லாம் ‘ஐஓ’ வகை. எஸ்டிஎம்முக்குள் ஐஓவை நேரடியாக எழுதினால் கம்பைலரே நிரலை ஏற்காது. தவறு ஓடும்முன்பே பிடிபடுகிறது.

பிறகு எப்படி அறிவிப்பது? ‘இதைச் சொல்’ என்ற குறிப்பை மட்டும் பரிவர்த்தனை விடையாகத் தரும். பரிவர்த்தனை உறுதியான பிறகு வெளியிலுள்ள நிரல் சொல்லும்.

நடுவில் கரண்ட் போனால் நினைவகக் குறிப்பும் போய்விடுமே! அதனால் பணம் புழங்கும் இடங்களில் அக்குறிப்பையும் அதே பரிவர்த்தனையில் தரவுத்தளத்தில் எழுதிவைக்கலாம். ஒரே குறிப்பு இருமுறை போனாலும், பரிவர்த்தனை எண்ணைப் பார்த்துப் பெட்டி இரண்டாவதை ஒதுக்கிவிடும்.