படகு ஸ்டியரிங் மாத்தப் போறீங்களா? முதல்ல கிரீஸைப் பாருங்க!

தேனிக்காரங்களுக்கு மோட்டார் படகு எதுக்குன்னு கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்குச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் தருவது முல்லைப்பெரியாறு அணை. தேக்கடியில் இருந்து அந்த அணைக்கு நம் பொறியாளர்கள் படகில்தான் அதிகம் போய் வருகிறார்கள். வெள்ளம் வந்தால் தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு தண்ணீரில் இறங்குகிறது. அதனால் சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கும், படகு ஓட்டும் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இந்த விவரம் உதவும்.

சின்னப் படகில் மோட்டார் பின்பலகையில் வெளியே தொங்கும். அதன் கைப்பிடியைப் பிடித்துத்தான் திருப்புவார்கள். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். எளிமையான ஏற்பாடுதான். ஆனால் ஓட்டுபவர் பின்னால் உட்கார வேண்டும். வேகம் எடுக்கும்போது முன்பகுதி தூக்கி, எதிரில் இருப்பதை மறைக்கும். கை நழுவிவிட்டால் மோட்டார் சட்டென்று ஒரு பக்கம் திரும்பும், படகு சுழலும், ஆள் தூக்கி எறியப்படலாம். விழுந்தவரை நோக்கியே படகு வட்டமடித்துத் திரும்பி வருவதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் புரொப்பல்லர் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்காகத்தான் பலர் முன்னால் சக்கரம் வைக்க நினைக்கிறார்கள். சக்கரமும் கேபிளும் மட்டும் வாங்கினால் போதாது. ஆக்சிலேட்டர், கியர் இரண்டையும் முன்னால் இருந்து இயக்க கன்ட்ரோல் பெட்டி வேண்டும். கைப்பிடியில் இருந்த நிறுத்தும் கயிறும் முன்னால் வர வேண்டும். ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளும் இந்தக் கயிறு இழுபட்டால் எஞ்சின் நின்றுவிடும். பணம் மிச்சம் பண்ண வேறு இடம் பாருங்க, இதில் வேண்டாம்.

ஏற்கெனவே சக்கரம் இருந்து, அது இறுகிப்போயிருக்கிறதா? உடனே புது கேபிளுக்கு ஆர்டர் போடாதீங்க. மோட்டாரையும் கேபிளையும் இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு மோட்டாரைக் கையால் திருப்பிப் பாருங்க. மோட்டாரே இறுகியிருந்தால் கோளாறு அதன் சுழலும் பாகத்தில் இருக்கிறது. அது லேசாகத் திரும்பினால், கேபிளின் உலோகத் தண்டு நுழையும் குழாயில் பழைய கிரீஸ் காய்ந்து அடைத்திருக்கலாம், அல்லது கேபிள் துருப்பிடித்திருக்கலாம். அந்தக் குழாய்க்குக் கிரீஸ் அடிக்கும்போது தண்டு முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே நீட்டியிருக்கும்போது அடித்தால் கிரீஸ் முன்னால் தேங்கி, தண்டை நகரவிடாது.

கேபிள் மாற்றியே ஆக வேண்டுமென்றால், சக்கரத்தில் இருந்து படகின் பக்கவாட்டு வரை, அங்கிருந்து பின்பலகை வரை, அங்கிருந்து மோட்டார் நடு வரை என மூன்று நீளத்தையும் கூட்டி, கடைக்காரரிடம் வளைவுகளையும் சொல்லுங்க. பழைய கேபிளில் அச்சடித்த எண்ணை மொபைலில் போட்டோ எடுத்துக் காட்டினால் இன்னும் சுலபம். கூர்மையான வளைவு கேபிளைச் சீக்கிரம் கெடுக்கும். கழற்றிய சுயமாக இறுகும் நட்டை மறுபடி போடாமல் புதுசு போடுங்க. சிறிய மோட்டாருக்கு ஹைட்ராலிக் ஸ்டியரிங் பெரும்பாலும் தேவைப்படாது; அது பெரிய எஞ்சினுக்கானது.

கூடவே எடையையும் கவனிக்கணும். ஓட்டுபவரும் கன்ட்ரோலும் முன்னால் வந்தால் படகின் சமநிலை மாறும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அது பெரிய படகு. சின்னப் படகு இன்னும் சீக்கிரம் சாயும். அதனால் மாற்றம் செய்த பிறகு ஆளேற்றாமல், மெதுவான வேகத்தில் இரு பக்கமும் திருப்பிப் பார்ப்பது நல்லது. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான்.

ஏரி, ஆறு, நீர்த்தேக்கத்தில் ஓடும் எஞ்சின் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு உண்டு. மாற்றம் செய்யும் முன்னரே பதிவு செய்த அலுவலகத்தில் கேட்டுவிடுங்க. அவசர உதவிக்கு 112. தீயணைப்புத் துறைக்கு 101.