குரங்கணிப் பெரியப்பாவின் கிட்கேட் போன்

"போன் நல்லாத்தானப்பா இருக்கு? டவர் எடுக்குது, பேசுறேன். வாட்ஸ்அப் மட்டும் எதுக்கு வரமாட்டேங்குது?"

போடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்டவர் குரங்கணிக்காரர், எனக்குப் பெரியப்பா முறை. மலைச்சரிவில் ஏலக்காய், மிளகு, கொஞ்சம் காபி. போடியிலோ புத்தடியிலோ ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் முடிந்ததும் ஏலக்காயின் அன்றைய சராசரி விலை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அது தெரியாமல் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை.

அந்த போனுக்கு நானே இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருக்கிறேன். திரையில் கீறல்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4, பெயர் கிட்கேட். 2023 ஆகஸ்டில் கூகுள் பிளே சர்வீசஸ் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில்தான் ஓடும் என்று வாட்ஸ்அப் அறிவித்தது. பழைய ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. அதற்காகச் செயலியைத் தனியாக எழுதிச் சோதிக்கவும் ஆள் போடுவதில்லை. கருவி தேயவில்லை, வாசற்படியை உயர்த்திவிட்டார்கள்.

ஆனால் ஓடாத போன் எல்லாமே இப்படியல்ல. நான் முதலில் பார்ப்பது தேதியை. பேட்டரி அடியோடு இறங்கி ஏறினால் சில போன்கள் 1970-க்குப் போய்விடும். இணையத்தில் ஒவ்வொரு தளமும் காலக்கெடு போட்ட சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே வரும். போனின் தேதி தப்பாக இருந்தால் அத்தனையும் செல்லாது. தேதியைத் திருத்தினதும் எல்லாம் ஓடும். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

தேதி சரியாக இருந்தும் உலாவி பயமுறுத்தினால், போனுக்குள் இருக்கும் சான்றிதழ்ப் பட்டியலே பழசு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகளுக்கு அதன் புதிய மூலத்தைத் தெரியாது. கொஞ்ச காலம் மாற்றுவழி செய்து தாங்கினார்கள், 2024-உடன் அதுவும் முடிந்தது. பயர்பாக்ஸ் உலாவி தன் பட்டியலைத் தானே சுமந்து வரும், அதனால் இப்படிப்பட்ட போன்களில் முன்பு அதைத்தான் போட்டுக்கொடுத்தேன். செயலி திறந்து வெள்ளையாக நின்றால் 'ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ'வைப் பிளே ஸ்டோரில் புதுப்பித்துப் பாருங்கள், பாதிக்கு அதிலேயே சரியாகிவிடும். யாரோ அனுப்பிய ஏபிகே என்ற செயலிக் கோப்பை மட்டும் ஏற்றாதீர்கள், அதே போனில் வங்கிக் கணக்கும் இருந்தால் கட்டாயம் வேண்டாம். லினியேஜ் ஓஎஸ் ஏற்றினால் சில பழைய போன்களுக்கும் புது ஆண்ட்ராய்டு கிடைக்கும், நானே செய்வேன். ஆனால் பல பணச் செயலிகள் அதில் முரண்டு பிடிக்கும். ஜிபே நம்பிப் பிழைக்கிறவருக்கு அதைச் சொல்லமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறொன்று. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவு செயலியில்தான் என்றானது. காலையிலும் மதியமும் ஆட்களைப் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளர் பெண்கள் கொண்டுவருவது மகன் வைத்துவிட்டுப் போன போன். அது நின்றால் ஒரு குழுவின் கூலியே சிக்கலாகும். மகாராஷ்டிரத்தில் 2021-இல் அங்கன்வாடி ஊழியர்கள், 2 ஜிபி ரேம் போனில் போஷன் டிராக்கர் செயலியை ஓட்ட முடியவில்லை என்று அரசு தந்த போன்களைத் திருப்பிக் கொடுத்தே போராடினார்கள். செயலி எழுதுகிறவர்கள் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்தப் போன்களில்.

பெரியப்பாவுக்கு ஆண்ட்ராய்டு 8 உள்ள செகண்ட்ஹேண்ட் போன் ஒன்று கொடுத்தேன். பழையதை ரீசெட் செய்யாமல், அதிலிருந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே மெமரி கார்டில் எடுத்துப் புதியதில் போட்டதால் குழுவும் பேச்சும் படங்களும் திரும்பின.

"ஓடுது பெரியப்பா, கிளம்புங்க" என்றேன்.

"இருப்பா, இன்னும் வெல வரலையே."

விலை வரும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். டிங் என்றது. படித்துவிட்டு இரண்டு போனையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு குரங்கணி பஸ்ஸுக்கு நடந்தார்.