வீடு கொடுத்தோம் – ஊர் கொடுத்தோமா?

முழுநிலவு நாளிலே திருவண்ணாமலை சென்றிருக்கிறீர்களா, தோழர்களே? மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் பாதை. இலட்சக்கணக்கிலே மக்கள் நடக்கிறார்கள். கால் கடுக்கிறது, கண் சொக்குகிறது, ஆனாலும் நடக்கிறார்கள். மலையின் மறுபக்கம் வந்தால் அடி அண்ணாமலை என்ற ஊர். ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. கும்பிடுவோர் கும்பிடுகிறார்கள், களைத்தவர் உட்காருகிறார்கள், பிறகு நடையைக் கட்டுகிறார்கள். பொழுது விடிந்தால் பேருந்து ஏறி அவரவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அதே அடி அண்ணாமலையிலே, விடிந்தாலும் ஊர் போய்ச் சேராத மக்கள் இருக்கிறார்கள். கடல் கடந்து வந்தவர்கள். நம் மொழி பேசுபவர்கள். போரிலே வீடிழந்து, நிலமிழந்து, உற்றார் உறவினரை இழந்து வந்தவர்கள். அவர்கள் வாழும் இடத்துக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். நிலவு நாளிலே அந்த வழியே போகிறவர்களிலே எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்போம்?

இந்த முகாமையும், தமிழகமெங்கும் உள்ள இதுபோன்ற முகாம்களையும் முன்வைத்து ஒரு கணக்குப் பார்க்க விரும்புகிறோம். உதவி செய்தோம், உதவி செய்தோம் என்று மேடையிலே முழங்குகிறோமே, அந்த உதவியின் எடை என்ன? இதுதான் நமது கேள்வி. எதிர்க்கட்சிக்காரர் கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே கேட்டுக்கொள்வது நல்லது. தன் கணக்கைத் தானே சரிபார்க்கும் வணிகனுக்கு நட்டம் வராது.

வந்த வரலாறு நாமறிந்ததுதான். 1983 ஜூலையிலே இலங்கையில் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. படகேறினார்கள். 1990இலே மீண்டும் போர், மீண்டும் படகு. 1995க்குப் பின்னும் வந்தார்கள்; 2006க்குப் பின்னும் வந்தார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலே துப்பாக்கி ஓய்ந்தது. 1983 முதல் அலையலையாக வந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். பலர் திரும்பினர், சிலர் வேறு நாடு சென்றனர். 2021 ஆகஸ்டிலே அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களிலே 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு 34,087 பேர்.

வந்திறங்கியவர்களிலே பெரும்பாலோரை முதலில் வரவேற்ற இடம் மண்டபம். வெள்ளையர் ஆட்சிக் காலத்திலே தேயிலைத் தோட்டக் கூலிகளாக நம்மவரை இலங்கைக்கு அனுப்பிவைத்ததும் அதே மண்டபம் முகாம் வழியாகத்தான்! போகும்போது கூலி என்ற பட்டம், வரும்போது அகதி என்ற பட்டம். ஒரே வாசல், இரண்டு அவமானம்.

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். நல்லதை மறைப்பது நமக்கு வழக்கமல்ல.

2021 ஆகஸ்ட் 27ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்திலே ஒரு திட்டத்தை அறிவித்தார். மொத்தம் 317 கோடியே 40 இலட்சம் ரூபாய். பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட 231 கோடியே 54 இலட்சம். குடிநீர், கழிப்பிடம், மின்விளக்கு போன்ற வசதிகளுக்கு 30 கோடி. மாத உதவித்தொகை உயர்த்தப்பட்டது: குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாய் என்றிருந்தது 1,500, மற்ற பெரியவர்களுக்கு 750 என்றிருந்தது 1,000, சிறுவர்களுக்கு 400 என்றிருந்தது 500. படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உயர்ந்தது. அதே ஆகஸ்டிலே இன்னொன்றும் நடந்தது. அகதிகள் முகாம் என்ற பெயர் போய், மறுவாழ்வு முகாம் என்ற பெயர் வந்தது. 2023 செப்டம்பர் 17இல் வேலூர் மேல்மொணவூரிலே நடந்த விழாவில், 79 கோடியே 70 இலட்சம் ரூபாயிலே கட்டிய 1,591 வீடுகள் திறந்துவைக்கப்பட்டன. வகுத்துப் பாருங்கள்: வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 இலட்சம்.

சிறு காரியமா இது? அல்ல! பத்துக்குப் பத்து அறையிலே, ஒழுகும் கூரையின் கீழே, தாயும் தகப்பனும் வயதுவந்த மகளும் ஒரே தரையிலே படுத்துறங்கிய மக்களுக்குக் கான்கிரீட் கூரையும் தனிச் சமையலறையும் கழிப்பறையும் கிடைப்பது பெரிய காரியம். முப்பதாண்டுகளுக்கும் மேலாக எவருக்கும் தோன்றாதது தோன்றியது. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டோடு பேனாவை மூடிவிட நமக்கு மனமில்லை.

கட்டட வேலை பார்க்கும் தோழருக்குத் தெரியும், சுவர் எவ்வளவு உயரம் என்று மட்டும் மேஸ்திரி பார்ப்பதில்லை. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நூல் ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் போனால், எத்தனை அடி எழுப்பியிருந்தாலும் அந்தச் சுவர் கோணல் சுவர்தான். உதவித் திட்டத்துக்கும் ஒரு தூக்குக்குண்டு உண்டு. எத்தனை கோடி, எத்தனை வீடு, எத்தனை மூட்டை அரிசி என்பதெல்லாம் உயரக் கணக்கு. தூக்குக்குண்டுக் கேள்வி ஒன்றே ஒன்று: உதவி பெற்றவன், இனி உதவி கேட்க வேண்டாதவனாக ஆகியிருக்கிறானா?

இந்தக் கேள்வியைத் தொங்கவிட்டுப் பார்ப்போம்.

கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். உயர்த்தப்பட்ட கணக்குப்படி இவர்களுக்குத் திங்களுக்கு 3,500 ரூபாய். ஒரு நாளைக்கு, நான்கு பேருக்குமாக, ஏறத்தாழ 117 ரூபாய். வேலைக்குப் போகாமல் எவரும் இதிலே வாழ முடியாது. ஆகவே போகிறார்கள். சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலைக்கு, கொத்து வேலைக்கு, சுமை தூக்கும் வேலைக்கு. நம் ஊரின் எத்தனையோ வீட்டுச் சுவர்களைப் பளபளப்பாக்கியவை முகாம்காரரின் கைகள். அந்த உழைப்பாளியே முகாமிலே கணக்கெடுக்கும் நாளில் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஆளைக் காட்ட வேண்டும். இல்லையேல் பெயருக்கு ஆபத்து. மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமிலே 2016 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை நாடு மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. மருத்துவமனையிலே கிடந்த மகனுக்கு வருகை பதிய மறுக்கப்பட்டது என்ற வாக்குவாதத்தின் முடிவிலே ஒரு தகப்பன் தன் உயிரையே விட்டான். உதவி என்ற பெயரிலே வந்த ஏடு, ஒரு மனிதனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. பெயர்ப் பலகையிலே மறுவாழ்வு என்று எழுதியாகிவிட்டது. அந்த ஏட்டின் போக்கிலே மறுவாழ்வு எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டாமா?

படிப்பைப் பாருங்கள். முகாம் பிள்ளைகள் நம் பள்ளியிலே, நம் பிள்ளைகள் பக்கத்திலே உட்கார்ந்து படிக்கிறார்கள். கல்லூரிக்கும் போகிறார்கள். பட்டம் வாங்கி வெளியே வந்தால் அரசுப் பணி இல்லை. குடிமகன் அல்ல என்கிறது சட்டம். அண்ணன் படித்து முடித்துவிட்டுச் சாயத் தூரிகை பிடிப்பதைப் பார்க்கும் தம்பிக்குப் புத்தகத்தின் மேல் எங்கிருந்து ஆசை வரும்? உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்த பணத்தின் பயனும் பாதி வழியிலே நிற்கிறது.

வீட்டையே பாருங்கள். கட்டிக் கொடுத்த வீடுதான். ஆனால் அதை என் வீடு என்று சொல்ல அவனிடம் பட்டா உண்டா? அதை வைத்து வங்கியிலே கடன் கேட்க முடியுமா? அது முகாம் வீடு. அவன் அதிலே தங்க அனுமதிக்கப்பட்டவன்.

எல்லாக் கதவும் போய் முட்டுகிற இடம் ஒன்றுதான் – குடியுரிமை.

1987 ஜூலை 1க்கு முன்னே இந்திய மண்ணிலே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்றிருந்தது சட்டம். மண்டபம் முகாமிலே 1986இல் பிறந்த ஒரு பெண், அந்தச் சட்டத்தைக் கையிலேந்தி நீதிமன்றம் போனார். 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் பக்கம் நின்றது. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே அவர் வாக்களித்தார். பிறந்த மண்ணிலே ஒரு வாக்குப் போட 38 ஆண்டுகள்! அந்தத் தேதிக்குப் பின்னே பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் 3க்குப் பின் விதி இன்னும் இறுகிற்று. 2019இலே டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ, பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைப் பெயர் சொல்லி அழைத்தது. இலங்கையின் பெயர் அதிலே இல்லை. 2025 செப்டம்பரிலே ஓர் ஆணை வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, உரிய ஆவணமில்லை என்பதற்காகத் தண்டனை இல்லை என்று. நல்லது. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு. நீ எங்களவன் என்பது வேறு.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1964இலே சாஸ்திரியும் சிறீமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. 1968 முதல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே போடப்பட்டன. அங்கும் குறைகள் உண்டு, போராட்டங்கள் உண்டு. ஆனால் குறையைச் சொல்லச் சங்கம் உண்டு, கோபத்தைக் காட்ட வாக்கு உண்டு. அதே தோட்ட வழியிலே வந்த பல்லாயிரவர், ஒப்பந்தக் கப்பலில் வராமல் போர்க்காலப் படகிலே வந்த காரணத்தால் முகாமிலே இருக்கிறார்கள். ஒரே பாட்டனின் பேரன்மார். ஒருவன் குடிமகன், ஒருவன் அயலான். பிரித்தது இரத்தமல்ல, வந்த கலம்!

"போர்தான் ஓய்ந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே" என்று சில பேர்வழிகள் கேட்கிறார்கள். போக விரும்புவோர் உண்டு. அவர்கள் நிலத்தோடும் மானத்தோடும் போய்ச் சேர உதவுவது நம் கடமை. ஆனால் இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே மணமுடித்து, அந்தத் தீவைக் கண்ணாலும் காணாத இளைஞனை எங்கே திரும்பச் சொல்கிறீர்கள்? போகிறவனைக் கட்டிவைக்கவும் கூடாது, இருக்கிறவனைத் தள்ளிவிடவும் கூடாது. அவனிடம் கேட்க வேண்டும். நாற்பதாண்டுத் திட்டத்திலே அதிகம் கேட்கப்படாத கேள்வி அதுதான்.

"குடியுரிமை டில்லியின் கையில் அல்லவா இருக்கிறது" என்று நம் தோழர்களே சொல்லக் கூடும். உண்மை. அதற்காக டில்லியின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் டில்லியைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கணக்கெடுப்பு ஏடு இங்கே இருக்கிறது. முகாம் நிர்வாகம் இங்கே இருக்கிறது. பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் தேடி எடுத்துக் கொடுத்து, 1987க்கு முன் இங்கே பிறந்தவர்களின் வழக்குக்குத் துணை நிற்க வழக்கறிஞர் தோழர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நாம் இருக்கிறோம்! தொழிற்சங்கத் தோழனே, உன்னைத்தான் கேட்கிறோம். உன்னோடு அதே சாரத்திலே நின்று சாயமடிக்கும் முகாம்காரனுக்கு உன் கூலிதானா? அவன் தவறி விழுந்தால் இழப்பீடு கேட்டு உன் சங்கம் கொடி பிடிக்குமா? குறைந்த கூலிக்கு வருகிறான் என்று அவனைக் குறை சொல்கிறாயா, அல்லது குறைத்துக் கொடுப்பவனைக் கேட்கிறாயா? இதற்குச் சட்டமன்றம் வேண்டாம், டில்லி வேண்டாம். உன் மனம் போதும்.

ஆகவே சொல்கிறோம்: அடுத்த முறை முகாமுக்குப் போகும்போது இனிப்புப் பெட்டியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். கணக்கெடுப்பு நாளிலே எத்தனை நாள் கூலி போயிற்று என்று கேளுங்கள். படித்த பிள்ளை என்ன செய்கிறான் என்று கேளுங்கள். இருக்க விருப்பமா, போக விருப்பமா என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், இனிப்பாக்காதீர்கள். திட்டத்தின் எடையைச் சொல்லத் தகுந்தவர்கள் விழா மேடையிலே இருப்பவர்கள் அல்லர். அந்தக் கூரையின் கீழே தூங்குபவர்கள்தான்.

மழைக்கு ஒதுங்கியவனுக்குத் திண்ணை கொடுத்தோம். பிறகு திண்ணையிலே சுவர் எழுப்பி அறையாக்கினோம். நல்ல வேலைதான். ஆனால் வீட்டுக்குள்ளே போகும் கதவு இன்னும் பூட்டியிருக்கிறது. அதைத் திறக்கும்வரை நம் கணக்கு முடியாது, தோழர்களே.